மெக்கானிக்கல் ஒன்பது

பத்து மணிக்குப் பெல் அடித்ததும் அறுபத்து மூன்று தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்துகொண்டன. கோகிலவாணிக்கு இதைப் பார்த்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கும். இருபத்து மூன்று வருஷமாக இப்படித்தான். காலையில் ஒரு வாய் தின்றுவிட்டு வந்ததுகளோ என்னமோ, அந்த மூன்றாவது வரிசைப் பையன் தலைகூடத் துவட்டாமல் வந்திருக்கிறான், சளி பிடிக்கப் போகிறது, பிடிக்கட்டும், சொன்னால் கேட்கிற ஜென்மங்களா இதுகள். இனி ஒரு மணி வரைக்கும் நடக்க வேண்டியதுதான். பேசக்கூடாது, உட்காரக்கூடாது, புத்தகம் கூடாது, போன் கூடாது. போனை எக்ஸாம் செல்லில் பெயரெழுதின கவரில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் ஒரு மனுஷியை அவளுடைய மண்டையோடு தனியாக விட்டால் அது சும்மா இருக்குமா? மேசைமேல் கைப்பை இருக்கிறது. பைக்குள் டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு தாள். மெக்கானிக்கல் துறையிலிருந்து ஏ.ஐ. துறைக்கு மாற, நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் சம்மதிக்கிறேன். காலையில் தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போதே கையெழுத்துப் போட்டாயிற்று. தேதி மட்டும் போடவில்லை. ஒன்றரை மணிக்குள் பிரின்சிபால் அறையில் கொடுத்தால் வேலை உண்டு, கொடுக்காவிட்டால் இந்த செமஸ்டரோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கொடுத்தால் ஒர்க்‌ஷாப் ராக்கியப்பண்ணன் கதி... வேண்டாம், அதை அப்புறம் பார்ப்போம். சொந்த விருப்பமாம். யாருடைய சொந்த விருப்பம்? அவள் முதல் வரிசையிலிருந்து மெல்ல நடக்க ஆரம்பித்தாள்.

மேலே மூன்றாவது மின்விசிறி கிர்ர்ரென்று இழுத்து டக்கென்று ஒரு குதி குதித்தது. கிர்ர்ர், டக். உள்ளே தேய்ந்துவிட்டது, சத்தத்திலேயே தெரிகிறது, யாராவது ஒரு எண்ணெய் விட்டால்தான் என்ன, ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஃபேனுக்கு எண்ணெய் விட ஆளில்லை. ஆள் இருக்கிறார், ராக்கியப்பண்ணன், அவரைத்தான்... சரி சரி. பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிற அழகைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. ஒரே பாடம் எழுதுகிற இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடாது என்பது பரீட்சை ஹாலின் சட்டம். முன்னெல்லாம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிவில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெக்கானிக்கல் என்று மாற்றி மாற்றி ஜோராகப் போடுவார்கள். சிவிலை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எங்கே திரும்பினாலும் கம்ப்யூட்டர், அதுவே நாலு பெயரில் நாலு துறை, எழுதுகிற பரீட்சை என்னமோ ஒன்றுதான். இந்த ஹாலில் ஐம்பத்து நாலு கம்ப்யூட்டர். மெக்கானிக்கல் ஒன்பதே ஒன்பது, கடைசி பேட்ச், இதுகளுக்குப் பிறகு மெக்கானிக்கல் கிடையாது. எக்ஸாம் செல் தண்டபாணி காலையில் ஹாஜர் தாளைக் கையில் கொடுக்கும்போது சொன்னான்: "மேடம், உங்க ஒன்பது பேரும் எனக்குத் தங்கமுங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல எவனெவன் கூட்டாளி, எவன் எவனுக்குக் காட்டுவான்னு விசாரிச்சு, சரியா அந்த எடத்துல ஒரு மெக்கானிக்கலப் போட்டு வெச்சிருக்கறேன். அடுத்த வருசம் நான் யாரைக் கொண்டுபோயி நடுவுல உக்கார வெக்கறதுங்க?" அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மாடிப்படி ஏறும்போதுதான் சுருக்கென்றது. நூற்று இருபது பேர் படித்த துறை, கடைசியில் மற்றவர்கள் காப்பியடிக்காமல் இருக்கத் தடுப்புக்கு ஆகியிருக்கிறது. இருந்தும் அந்த ஒன்பதும் என்ன கருத்தாக எழுதுகின்றன பார், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிற நவநீதனை இரண்டு பக்கமும் இரண்டு கம்ப்யூட்டர் பையன்கள் ஏக்கத்தோடு தாண்டித் தாண்டிப் பார்க்கிறார்கள், அவனுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. என் ராசாவுக்கு எல்லாக் கணக்கும் வர வேண்டும் என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

மெக்கானிக்கல் பிள்ளைகள் டேட்டா புக் வைத்துக்கொள்ளலாம். அட்டவணை அட்டவணையாக எண்கள் இருக்கிற தடிப் புத்தகம், துறையிலிருந்தே கொடுப்பது. உள்ளே பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறார்களா என்று மேற்பார்வைக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்க்க வேண்டும். நவநீதனுடைய புத்தகத்தைக் கையில் எடுத்தாள். உள்ளட்டையில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு வருஷமும் வாங்கினவன் தன் பெயரை எழுதி, முந்தினவன் பெயரை ஒரு கோடு அடித்து வைத்திருக்கிறான். ஜெயசீலன் 2006. ஆரிஃப் 2008. லோகநாயகி 2011, அந்த வருஷத்தின் ஒரே பெண், லேத் மிஷினில் துப்பட்டா மாட்டப் போகிறதென்று அவள் துப்பட்டாவைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்தது கோகிலவாணிதான். ஜெயசீலன் பம்ப் கம்பெனியில் மேனேஜர், ஆரிஃப் மஸ்கட்டில், லோகநாயகி சென்னையில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணி துப்பட்டாவை எப்போது தருவீர்கள் என்று கேட்பாள். கடைசியாக நவநீதன், அவன் பெயர்மேல் கோடு இல்லை, இனி அடிக்கவும் ஆள் வரப்போவதில்லை. ஆசிரியர்களும் அப்படித்தான் ஒவ்வொருத்தராகக் கோடு விழுந்து போனார்கள். ஏழு பேர் இருந்த இடம். ஒருத்தர் எத்தியோப்பியாவுக்குப் போய் அங்கே வாத்தியாராக இருக்கிறார். ஒருத்தர் மனை விற்கிறார். ஒருத்தர் சூலூர் ரோட்டில் பேக்கரி போட்டுவிட்டார், அந்தத் தேங்காய் பன் என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று பேர் போன வருஷமே சம்மதக் கடிதம் கொடுத்து ஏ.ஐ.க்குப் போனார்கள், போன மறுவாரமே அவர்கள் நடக்கிற நடையும் கழுத்தில் போடுகிற அடையாள அட்டையின் கயிறும் மாறிப்போயிற்று. ஏழில் மிச்சம் கோகிலவாணி. புத்தகத்தை மூடி நவநீதன் பக்கத்தில் வைத்தாள், அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மேடம்," என்று பக்கத்தில் வந்து சுகந்தி கிசுகிசுத்தாள். ஹாலில் கூட மேற்பார்வைக்கு வந்திருக்கிற பெண், ஏ.ஐ. துறை, முப்பது வயசுகூட ஆகவில்லை. "இன்னைக்குக் குடுத்துருவீங்கதானே மேடம்? ஏ.ஐ. ஸ்டாஃப் ரூம்ல என் பக்கத்து சீட் காலியாத்தான் இருக்கு. நான் யாரையும் உக்கார விடலை." கோகிலவாணி அவள் தோளைத் தட்டிவிட்டு நடந்தாள். பாவம் இந்தப் பிள்ளை. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவள். ஒருநாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டதோ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். வேலை போனதே அப்படித்தான் தெரிந்ததாம். அன்றைக்கு அந்தக் காபியை என்ன பண்ணினாய் என்று கோகிலவாணி கேட்டபோது, குடிச்சேன் மேடம், வேற என்ன பண்றது என்றாள். கேட்டவளுக்குத்தான் அழுகை வந்தது. இங்கே இருக்கிறவள் அங்கே போகப் பயப்படுகிறாள், அங்கே இருந்தவள் இங்கே ஓடி வந்திருக்கிறாள், நடுவில் என் வீட்டில் ஒருத்தி இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். தாரிணி. கம்ப்யூட்டர்தான் படித்தாள், கேம்பஸில் தேர்வானாள், ஆஃபர் லெட்டர் வந்து பதினோரு மாசம் ஆகிறது, சேர வேண்டிய தேதி இன்னும் வரவில்லை. லெட்டர் வந்த அன்றைக்குத் தெருவே மைசூர்பாகு தின்றது. இப்போது தினமும் பல் விளக்குவதற்கு முன்னால் மெயிலைப் பார்க்கிறாள், அவள் பார்த்துவிட்டுப் போனதும் கோகிலவாணி ஒருதடவை திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள், வராத மெயில் அம்மா பார்த்தால் மட்டும் வந்துவிடுமா? அந்தக் குட்டிதான் இவளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுத்தது. நாலு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு ஐந்தாம் நாள், "அம்மா, இதைப் படிச்ச எனக்கே வேலை வரலை, நீ வேற எதுக்கும்மா இதுக்குள்ள வர்றே?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒரு வேலை வரும்வரைக்குமாவது என் சம்பளம் நிற்கக்கூடாது. அதற்குத்தானே கையெழுத்து? அதற்குத்தான். கிர்ர்ர், டக்.

அதற்குத்தான் என்றால் தேதியை ஏன் போடவில்லை? இதோ, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது, ராக்கியப்பண்ணனிடம். ஒர்க்‌ஷாப்பில் லேத் சொல்லிக்கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர், ஐ.டி.ஐ. படித்தவர், ஐம்பத்தாறு வயசு, அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு நாற்காலி துடைத்துப் போட்டவர். சம்மதக் கடிதமெல்லாம் பாடம் எடுக்கிறவர்களுக்குத்தான். ஏ.ஐ.யில் லேத்து ஏது? போன வருஷம் காலேஜைத் தரம் பார்க்க ஒரு கமிட்டி வருகிறதென்று, துறைக்கு ஒரு ஸ்டார்ட்அப் கம்பெனி கட்டாயம் இருக்க வேண்டும் என்று பிரின்சிபால் சுற்றறிக்கை விட்டார். பத்தே நாளில் கம்பெனி பிறக்க வேண்டும். எல்லாத் துறையிலும் பிறந்தது, கமிட்டி போனதும் எல்லாம் செத்தும் போனது, அதுதானே வழக்கம். மெக்கானிக்கலில் கோகிலவாணியும் ராக்கியப்பண்ணனும் டைரக்டர்கள். காகிதம் தயார், போர்டு தயார், மேசைமேல் காட்டுவதற்கு ஒரு சாமான் வேண்டுமே? "எங்க வீட்ல ஒண்ணு கெடக்குதுங்க மேடம்," என்று தயங்கித் தயங்கி அவர் கொண்டுவந்தார். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கிற ஸ்டாண்டு. தரையில் கேனை நகர்த்தி அதற்குள் தள்ளிவிட்டு, கீழே இருக்கிற கட்டையை மூன்று தடவை காலால் மிதித்தால் கேன் தானாக மேலே ஏறிக் கவிழும். அவர் சம்சாரம் சரசக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன், கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் காலேஜுக்கு வந்துவிட்டால் அந்தம்மா காலிக் கேனைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உப்புத் தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, ஸ்கிராப்பில் கிடந்த பழைய மிஷின் பெடலை வெல்டு வைத்து மனுஷன் இதைச் செய்திருக்கிறார். பெண்டாட்டி மேல் பிரியம் வைப்பது இப்படி. கமிட்டியில் இடுப்புக்கு பெல்ட் கட்டின ஒரு பெரியவர் இருந்தார், அவர் மிதித்தார், கேன் ஏறியது, இறக்கச் சொல்லி மறுபடி மிதித்தார், நாலு தடவை மிதித்துவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பிரின்சிபால் திருதிருவென்று முழித்தார். "இங்கதானுங்க," என்றார் ராக்கியப்பண்ணன். அவ்வளவுதான், பொய்க்குப் பிறந்த கம்பெனி நிஜமாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெரியவருடைய அடுக்குமாடியில் முப்பது ஸ்டாண்டு, பிறகு திருப்பூரில் தண்ணீர் கேன் போடுகிற ஒருத்தர் நானூறு கேட்டிருக்கிறார். மிதி டெக்னாலஜீஸ் என்று போர்டில் மஞ்சள் பெயிண்டால் அவரே எழுதினார். கால் எவ்வளவு இறங்கினால் கேன் எவ்வளவு ஏறும், எத்தனை கிலோ அழுத்தம் போதும், கட்டை எத்தனை நீளம் என்றெல்லாம் கணக்குப் போட்டது கோகிலவாணி. பத்து வருஷமாகக் கமிட்டிகளுக்காக ஃபைலும் படிவமும் நிரப்பின கை அது, அன்றைக்கு ஒரு பழைய பரீட்சைத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருந்தது, மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஊசிப்போயிருந்தது. அவள் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சம்மதக் கடிதத்தின் கடைசி வரி அதற்குத்தான் வேட்டு வைக்கிறது. வேறு எந்தத் துறையின் ஸ்டார்ட்அப் பொறுப்பிலும் நான் தொடர மாட்டேன். ஒருத்தர் பெயர் இரண்டு இடத்தில் வந்தால் ரேங்கிங்கில் அடிபடுமாம். அவள் விலகினால் மிதிக்கு ஆசிரியர் டைரக்டர் இல்லை, அது இல்லாவிட்டால் காலேஜ் கொடுத்த ஷெட்டும் இல்லை, செமஸ்டரோடு ராக்கியப்பண்ணனுக்கு வேலையும் இல்லை. அவள் விலகாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. கம்பெனியைத் தூக்கிக்கொண்டு கணபதி ஏரியாப் பக்கம் ராக்கியப்பண்ணனுடைய மச்சினன் பட்டறை ஓரமாகப் போகலாம், போய், நானூறு ஸ்டாண்டு முடிந்த பிறகு? அதற்குப் பிறகு யாரும் கேட்காவிட்டால்? நாற்பத்தேழு வயசில் ஒரு பொம்பளை பட்டறையில் போய் நின்று, என்ன கோகிலா, காலேஜ் என்னாச்சு என்று சொந்தம் ஒரம்பரையெல்லாம் கேட்டால்? பயமாக இருந்தது, பச்சையாகச் சொன்னால் கால் விரல் வரைக்கும் பயம். அந்தப் பக்கம் போனால் மட்டும் பயம் இல்லையா, அறுபது பேருக்கு முன்னால் போய் நின்று நேற்று ராத்திரி படித்த பாடத்தைச் சொல்லும்போது, பின்வரிசையில் ஒன்று கையைத் தூக்கி, மேம் ஒரு டவுட் என்று ஆரம்பித்தால்? உருளையில் எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன், இதில் நான் என்ன சொல்லுவேன்? காலையில் வீட்டுக்காரரிடம் கேட்டாள். தெய்வசிகாமணி மோட்டார் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிறார், வாழ்க்கையில் ஒருத்தரையும் அதட்டாத மனுஷன். மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே, "நீ எதுல கையெழுத்துப் போட்டாலும் பொழுதோட ஊட்டுக்கு வந்துதான ஆகோணும்? வா, பாத்துக்கலாம்," என்றார். நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா, இதைச் செய் அதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம், கெரகம், அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார். பையைத் திறந்து தாள் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

பதினொன்றரைக்கு வராந்தாவில் டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்டது. எந்தத் தூக்கத்திலும் அவளுக்குத் தெரிகிற சத்தம். பரீட்சை நாட்களில் ஹாலுக்கு ஹால் தண்ணீரும் டீயும் கொண்டுவருவது லேப் ஆட்களின் வேலை. ராக்கியப்பண்ணன் சக்கரம் வைத்த மிதியைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, கேனை ஏற்றிவிட்டு, டீ கிளாஸோடு நின்றார். சுகந்திக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு இவளிடம் வந்தார். "சக்கரை இல்லீங்க," என்றார். அவள் சொல்லாமலே அவர் சக்கரை போடாமல் கொடுக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. கிளாஸைக் கொடுத்தவர் போகவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"மேடம், சித்த ஒண்ணு சொல்லோணுமுங்க. போர்டைக் கழட்டிட்டனுங்க."

"எந்த போர்டை?"

"நம்ம மிதி போர்டுங்க. காலைல வந்ததும் கழட்டி, துணி சுத்தி, லேத்துக்குப் பின்னால வெச்சிட்டேன். நீங்க லெட்டரைக் குடுத்துட்டு அந்தப் பக்கமா வரும்போது கண்ணுல பட்டா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமுங்க. எனக்காகன்னு பாக்காதீங்க. பாப்பாவுக்கு இன்னும் வேலை வரலை. எனக்கு எங்கயாச்சும் ஒரு லேத்து கெடைக்காமயா போயிரும்? நீங்க தாராளமா குடுத்துருங்க. திருப்பூர்க்காரர்கிட்ட நான் பேசிக்கறனுங்க."

"யாரைக் கேட்டுக் கழட்டுனீங்க!"

கேட்டது கோகிலவாணிதான், ஆனால் அவளுக்கே அது வேறு யாரோ கத்தினதுபோல இருந்தது. அறுபத்து மூன்று தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. எங்கேயோ ஒரு பேனா உருண்டு விழுந்தது. சுகந்தி டீயை வாயில் வைத்தபடி அப்படியே நின்றாள். பக்கத்து ஹால் மேற்பார்வையாளர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கத்தினது மேடம்தான் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். காப்பியடித்து மாட்டினவனைக்கூட இருபத்து மூன்று வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படி அதட்டினதில்லை. "எழுதுங்க, எழுதுங்க, ஒண்ணுமில்லை," என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள். தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. ராக்கியப்பண்ணன் தப்புப் பண்ணின பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்க்ரூ எங்கே?" என்று மெல்லக் கேட்டாள்.

"நாலும் சட்டைப் பையிலதானுங்க இருக்குது."

"தொலைச்சுராதீங்க," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிதி வராந்தாவில் உருண்டு போகிற சத்தம் கேட்டது.

வந்ததே கோபம் அவளுக்கு. யார் மேல் என்றுதான் புரியவில்லை. இந்த மனுஷன் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும், வீட்டில் ஒருத்தர் போதாதா, கண்ணில் பட்டால் சங்கடமாக இருக்குமாம், நான் சங்கடப்படக்கூடாதென்று இவர் பிழைப்பை இவரே கழற்றித் துணி சுற்றி வைப்பாராம். நானும் ஒரு டைரக்டர்தானே, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நடந்தாள். இரண்டு வரிசை முடிந்து மூன்றாவது வரிசை. கிர்ர்ர், டக். டீ ஆறிப்போயிற்று, அதையும் குடித்தாள். திருப்பூர்க்காரரிடம் அவர் பேசிக்கொள்வாராமே, என்னத்தைப் பேசுவார், முதலில் கொடுத்த இருபதில் நாலு ஸ்டாண்டு மூன்றாவது மிதிக்கு ஏறாமல் நின்றுவிடுகிறது என்று அந்த ஆள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கிறார். ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றியாயிற்று. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் சரசக்கா மாதிரி ஆளுக்குக் கால் வலிக்கும், அப்படிப் போடக்கூடாது. கட்டையைக் கொஞ்சம் நீட்டினால்? நீட்டினால் சமையல்கட்டில் கால் இடறும். மூன்றாவது மிதிக்கு மட்டும் ஏன் நிற்க வேண்டும், முதல் இரண்டும் வெண்ணெய்யாக இறங்குகிறதே, மூன்றாவதில் கேன் சாய ஆரம்பிக்கிறது, சாய்ந்தால் பாரமெல்லாம் ஒரு பக்கமாகப் போகும், ஒரு பக்கமாகப் போனால்... கிர்ர்ர், டக். அவள் நின்றுவிட்டாள். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். ஒரு பக்கமாகவே இழுத்து இழுத்து அச்சைச் சுற்றியிருக்கிற வளையம் நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டால், அது இழுக்கும், பிடிக்கும், குதிக்கும். ஸ்பிரிங் இல்லை! புஷ்! மிதிக்கட்டையின் அச்சில் மாட்டின அந்தப் பித்தளை வளையம், புஷ்தான் ஒரு பக்கம் தேய்ந்து பிடிக்கிறது, அதை இன்னும் அரை இஞ்ச் நீளமாகப் போட்டால் பாரம் பரவிவிடும், கடைந்து எடுக்க ராக்கியப்பண்ணனுக்கு ஒரு கால்மணி நேரம் ஆகுமா? மறுபடியும் வாய்விட்டுக் கத்தியிருப்பாள், நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பயந்துபோய்த் தன் விடைத்தாளைத் தானே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டது. கோகிலவாணி அதன் தலையைத் தடவிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. ஒரு மணி நேரமாகக் கடிதத்தின் நினைப்பே வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். போகவில்லை, அது பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தது.

ஒரு மணிக்குப் பெல் அடித்தது. "பேனாவைக் கீழ வைங்க கண்ணுகளா," என்றாள். இன்னும் ரெண்டு வரி மேடம், ஒரே ஒரு வரி மேடம் என்று வழக்கமான கெஞ்சல். நவநீதன் முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மேடம், ஃபேன்ல புஷ் போயிருச்சு, கவனிச்சீங்களா?" என்று கேட்டான். அடப்பாவி, நீ பரீட்சைதானே எழுதிக்கொண்டிருந்தாய் என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஹால் காலியாயிற்று. சுகந்தி கம்ப்யூட்டர் தாள்களைப் பதிவு எண் வரிசையில் அடுக்கிக் கட்டினாள். மெக்கானிக்கலை இவள் அடுக்கினாள், ஒன்பது தாள் அடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒவ்வொரு கட்டுக்கும் மேலே துறையின் பெயர், எண்ணிக்கை, தேதி எழுதின ஒரு சீட்டு வைக்க வேண்டும். தண்டபாணி ஒரே ஒரு சீட்டைத்தான் கொடுத்து அனுப்பியிருந்தான், காலையில் தங்கம் என்றவனுக்கே சீட்டு எண்ணும்போது அந்த ஒன்பது மறந்துபோயிருக்கிறது. சுகந்தி அதைக் கம்ப்யூட்டர் கட்டுக்கு வைத்துவிட்டாள். "வேற பேப்பர் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். கோகிலவாணி பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில் கையை விட்டு, நாலாக மடித்திருந்ததை எடுத்துப் பிரித்துக் கவிழ்த்துப் போட்டாள். தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது. மெக்கானிக்கல், ஒன்பது, கீழே இன்றைய தேதி.

எக்ஸாம் செல்லில் தண்டபாணி இரண்டு கட்டையும் வாங்கிக்கொண்டு, போன் இருந்த கவரைத் திருப்பிக் கொடுத்தான். ஜன்னலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், ராக்கியப்பண்ணன் சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிரின்சிபால் அறைக்குப் போகிற வழி இந்தப் பக்கம், ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழி அந்தப் பக்கம். தண்டபாணி கவருக்குள் கட்டைத் தள்ளப் போனவன் நிறுத்தி, சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், பின்னால என்னமோ டைப் அடிச்சிருக்குதுங்க. உங்க கையெழுத்தெல்லாம் இருக்குது. முக்கியமான லெட்டரா இருக்கப் போகுதுங்க."

"ஒன்பது இருக்கா, எண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டனுங்க. ஒன்பது சரிங்க."

"தேதி?"

"இன்னைக்குத் தேதிதானுங்க போட்டிருக்கறீங்க."

"அப்பறம் என்ன தம்பி? ஒட்டுங்க."